லண்டன் குரோனோமீட்டரா, ஹாமில்டன் 21-ஆ?

கப்பலில் தீர்க்கரேகை கணிக்க நம்பிய துல்லியக் கடிகாரம்தான் கடல் குரோனோமீட்டர். பழையது ஒன்றை வாங்கி ஓட வைக்க நினைப்பவர் கண்ணில் பெரும்பாலும் படுவது இரண்டு வகை. ஒன்று 19-ஆம் நூற்றாண்டு லண்டன் வேலை. மற்றது இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் செய்த ஹாமில்டன் மாடல் 21. பெட்டியைத் திறந்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பித்தளைக் கிண்ணம், கப்பல் சாய்ந்தாலும் அதைச் சமமாக வைக்கும் கிம்பல் வளையம், வெள்ளி நிற டயல், சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று 56 வரை காட்டும் சின்ன முள். விநாடி முள் இரண்டிலும் அரை விநாடிக்கு ஒரு துள்ளல். மெயின்ஸ்பிரிங்கின் இழுவையைச் சீராக்கும் கூம்பான ஃபியூசி, அதில் சுற்றும் செயின்கூட இரண்டிலும் உண்டு.

உள்ளே இருக்கும் டிடென்ட் அமைப்புக்கும் ஒரே பாட்டன்தான்: லண்டன் கடிகாரக்காரர் தாமஸ் எர்ன்ஷா. டிடென்ட் என்பது முடியளவு மெல்லிய ஸ்பிரிங்கில் நிற்கும், மாணிக்கக்கல் பதித்த ஒரு தாழ்ப்பாள். நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் ஒரு பக்கம் ஆடும்போது தாழ்ப்பாளைத் திறந்து எஸ்கேப் வீலின் ஒரு பல்லை விடுவிக்கும். அந்தப் பல் பேலன்ஸுக்கு ஒரு தள்ளு கொடுத்துவிட்டுப் போக, அடுத்த பல் தாழ்ப்பாளில் வந்து மாட்டிக்கொள்ளும். பேலன்ஸ் திரும்பி வரும்போது ஒரு மெல்லிய தங்க ஸ்பிரிங் மட்டும் வளைந்து வழிவிடும், தாழ்ப்பாள் அசையாது.

இன்னொரு லண்டன் கடிகாரக்காரர் ஜான் ஆர்னால்டும் 1782-இல் இதே வேலையைச் செய்யும் டிடென்டுக்குக் காப்புரிமை எடுத்தார். எர்ன்ஷாவுக்குச் சொந்தமாக எடுக்கப் பணமில்லை. 1783-இல் தாமஸ் ரைட் என்பவர் பெயரில் எடுக்க வேண்டியிருந்தது. யார் முதலில் என்ற சண்டை ஓயவில்லை. 1805-இல், கடலில் தீர்க்கரேகை காணும் வழிகளுக்குப் பரிசு தந்த பிரிட்டிஷ் அரசின் தீர்க்கரேகை வாரியம் இரு தரப்புக்கும் தலா 3,000 பவுண்டு என்று சமமாக்கியது. ஆர்னால்டு அதற்கு முன்பே இறந்துவிட்டதால் அவர் பங்கு மகனுக்குப் போனது. பட்டறையில் வென்றது எர்ன்ஷாவின் டிடென்ட். ஆர்னால்டின் அமைப்பில் பல்லின் அழுத்தம் டிடென்ட் ஸ்பிரிங்கை நெருக்கும். எர்ன்ஷாவின் அமைப்பில் இழுக்கும். மெல்லிய தகடு நெருக்கினால் வளையும், இழுத்தால் நேராக நிற்கும். போதாக்குறைக்கு, ஆர்னால்டின் வளைந்த பற்களை வெட்டுவதும் கூடுதல் வேலை. ஆனால் இரு முனையும் உள்நோக்கி வளைந்த அவருடைய சுருள் ஹேர்ஸ்பிரிங் (பேலன்ஸைத் திரும்பத் திரும்ப ஆட வைக்கும் ஸ்பிரிங்) நிலைத்துவிட்டது. பின்னால் வந்த குரோனோமீட்டர்கள் இருவருக்குமே கடன்பட்டவை.

லண்டன் குரோனோமீட்டர் என்று சொன்னாலும் அது ஒருவர் கை வேலை இல்லை. கரடான மூவ்மென்ட், அதாவது உள் இயந்திரம், பெரும்பாலும் லங்காஷயரின் பிரெஸ்கட்டிலிருந்து வரும். ஃபியூசி செயின் தொழிலுக்குப் பெயர்போன ஊர் கிறைஸ்ட்சர்ச். பெண்களும் சிறுமிகளும் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை அது. லண்டன் பட்டறைகளில் ஒருவர் டிடென்ட், ஒருவர் ஸ்பிரிங், ஒருவர் சரிபார்ப்பு. டயலில் இருக்கும் பெயர் பல சமயம் விற்றவருடையது, செய்தவருடையது அல்ல. எனவே பெயரைப் பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

இதனால் வரும் சிக்கல் பெரிது. ஒவ்வொரு டிடென்டும் அந்தக் குரோனோமீட்டருக்காகவே இழைத்துப் பொருத்தியது. உடைந்தால், இன்னொன்றிலிருந்து எடுத்துப் போட முடியாது. புதிதாகச் செய்ய ஆள் வேண்டும். வெப்பநிலை அடுத்த தலைவலி. வெப்பத்தை ஈடுகட்டாத பேலன்ஸோடு எஃகு ஹேர்ஸ்பிரிங்கை ஓட்டினால், ஒரு டிகிரி செல்சியஸ் ஏறும்போது நாளுக்குச் சுமார் 11 விநாடி பின்தங்கும். இதைச் சரிக்கட்ட எர்ன்ஷா பேலன்ஸ் விளிம்பில் எஃகின் மேல் பித்தளையை உருக்கி ஒட்டி, விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டினார். சூட்டில் வெளிப்பக்கப் பித்தளை அதிகம் விரிய, விளிம்பு உள்ளே வளைந்து அதிலுள்ள எடைகளை மையத்துக்குக் கொண்டுவரும். ஆனால் குளிருக்கும் வெயிலுக்கும் சரியாக்கினால் நடுவில் நாளுக்கு ஏறக்குறைய 2 விநாடி முந்தும். அந்த இரண்டு விநாடியை விரட்டத்தான் நூற்றாண்டு முழுக்க விதவிதமான துணைச் சாதனங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஹாமில்டன் அந்த வழியே போகவில்லை. வெப்பத்துக்கு அதிகம் அசையாத எலின்வார் வகை உலோகத்தில் ஹேர்ஸ்பிரிங். வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் குறுக்குக் கையோடு, வெட்டாத முழு வளைய பேலன்ஸ். நிக்கல்-எஃகு உலோகங்களுக்காக 1920-இல் நோபல் வாங்கிய இயற்பியலாளர் கியோமின் ஆராய்ச்சிதான் இதற்கு அடிப்படை. எலின்வார் எஃகு மாதிரி எளிதில் துருப்பிடிக்காது. கடற்கரை ஊர்க்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. உதிரிபாகங்களை அளவு மாறாமல் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ததால், ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காரும். ஆனாலும் டிடென்டைப் போட்டபின் கையால் சரிபார்த்தே ஆக வேண்டும்.

கெட்டுப்போகும் விதத்தில் இரண்டுக்கும் பேதமில்லை. வாட்ச் ரிப்பேர் தெரிந்தவரே அதிகம் கெடுக்கும் இடம் இது: கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போதே பேலன்ஸைக் கழற்றுவது. டிடென்ட் லேசாக அசைந்தால் போதும், வீல்கள் தறிகெட்டு ஓடி எஸ்கேப் வீலின் பல் நுனியும் டிடென்டும் சேர்ந்து போகும். ஓடி நின்றுவிட்டதே என்றும் நம்ப வேண்டாம். ஃபியூசி உள்ள கடிகாரத்தில் பொருத்தும்போதே ஏற்றி வைத்த ஆரம்ப முறுக்கு மிச்சமிருக்கும். முதலில் பேலன்ஸைத் தக்கை ஆப்பால் நிறுத்துங்கள். மெயின்ஸ்பிரிங் இருக்கும் பீப்பாயின் ராட்செட் அச்சைச் சாவியில் பிடித்துக்கொண்டு, அது திரும்பிச் சுழலாமல் தடுக்கும் கிளிக்கை விடுவித்து முறுக்கை மெல்ல இறக்குங்கள். அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். எஸ்கேப் வீல் பல்லுக்கும் டிடென்ட் கல்லுக்கும் ஒரு துளி எண்ணெய்கூடக் கூடாது. எண்ணெய் கெட்டியானால் தாழ்ப்பாள் தாமதிக்கும், ரேட் (நாளுக்கு எத்தனை விநாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பது) அலையும்.

சாவி கொடுப்பதும் இரண்டிலும் ஒன்றே: கிண்ணத்தைக் கையில் தாங்கிக் கவிழ்த்து, தூசி மூடியை நகர்த்தி, இடப்பக்கமாகச் சாவி கொடுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், முட்டும்வரை. கடைசிச் சுற்று மெதுவாக. நின்றதை ஓட்டச் சாவி மட்டும் போதாது, டிடென்ட் தானாகக் கிளம்பாது. முள்களை வரப்போகும் நேரத்துக்கு முன்னோக்கி மட்டும் திருப்பி வைத்து, ரேடியோ நேரக் குறி கேட்டதும் பெட்டியைக் கால் சுற்று வெடுக்கென்று கிடைமட்டமாகத் திருப்புங்கள். எடுத்துப் போகும்போது கிம்பலைப் பூட்டுங்கள். ஓடும்போது இதே வெடுக்குத் திருப்பல் பட்டால் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு நழுவி நேரம் தாவிவிடும்.

மூன்றாவதாக மாஸ்கோவின் போல்யோட் கிடைக்கும். அதுவும் 56 மணி நேர டிடென்ட் குரோனோமீட்டர்தான், வயது குறைவு. பழம்பொருள் என்ற ஆசை இல்லாதவருக்கு அது போதும்.

நாள்தோறும் ஓட்ட வேண்டும் என்றால் ஹாமில்டனை எடுங்கள். கைவேலையைப் பார்க்க வேண்டும், டிடென்ட் செய்யத் தெரிந்த ஒருவரும் எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்றால் லண்டன். எதுவானாலும் பத்து நாள் நேரக் குறியோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள். நாளுக்கு 3 விநாடி பின்தங்குவது குறையே இல்லை, பத்து நாளும் அதே 3 என்றால். இன்று 1, நாளை 4 என்று வந்தால்தான் டிடென்டை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டில் 4 விநாடிப் பிழை ஒரு கடல் மைலைத் தின்றுவிடும்.