பாவித்த 5.1 மொனிட்டர் கொன்ட்ரோலரும் ‘இலகு கலிப்ரேஷனும்’: கொழும்பு ஸ்டூடியோக்காரர் கவனத்துக்கு

ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 5.1 அமைப்பின் சத்தத்தை ஒரே குமிழால் கட்டுப்படுத்தும் பெட்டிதான் சரவுண்ட் மொனிட்டர் கொன்ட்ரோலர். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சரவுண்ட் மொனிட்டர் கொன்ட்ரோலர்களைக் கொழும்பில் விற்கும் ஒருவர், “பூட்டி, கலிப்ரேஷனும் செய்து தாறன்” என்று, ஸ்பீக்கர்களின் சத்த அளவைச் சரிப்படுத்தும் அந்த வேலைக்குத் தனியாகக் காசு வாங்குகிறார். வெள்ளவத்தையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் அவர் முடித்துவிட்டுப் போன வேலையைச் சோதித்தபோது வெளிவந்தவை இவை.

முதலாவது வயரிங். ஒலிப்பதிவு மென்பொருளான புரோ டூல்ஸின் வழமையான 5.1 வரிசை இடது, நடு, வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், எல்எஃப்இ (சப்வூஃபருக்கான தாழ்ந்த ஒலிச் சனல்). கொன்ட்ரோலரின் உள்ளீடு எதிர்பார்த்ததோ இடது, வலது, நடு, எல்எஃப்இ, பிறகு இரண்டு சரவுண்ட். ஒன்றுக்கு ஒன்றென நேராகச் செருகியதால் நடுச் சனலில் இருக்கும் வசனம் முழுக்க வலது ஸ்பீக்கரில் வந்தது, இடது சரவுண்ட் சப்வூஃபருக்குப் போனது, எல்எஃப்இ முழக்கம் பின்னாலுள்ள சின்ன வலது சரவுண்டில் விழுந்தது. கூம்பு கிழியாதது அதிர்ஷ்டம்.

அன்றைக்கே இது பிடிபடாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் பாவித்தது கொன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் நொய்ஸ் ஜெனரேட்டரை. அது வெளியீட்டுப் பக்கத்தை மட்டுமே காட்டும்; உள்ளீடு எப்படிக் குழம்பியிருந்தாலும் ஆறு ஸ்பீக்கரும் ஒழுங்காகத்தான் இரையும். பிங்க் நொய்ஸை (எல்லா அலைவரிசையும் கலந்த சோதனை இரைச்சல்) புரோ டூல்ஸிலிருந்தே, ஒவ்வொரு சனலாக, மைனஸ் 20 டெசிபலில் (டிஜிட்டல் உச்சத்திலிருந்து கீழே, dBFS) அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது சப்வூஃபர். போன் செயலியில் ஏ-வெயிட்டிங்கோடு (தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டும் மீட்டர் அமைப்பு) ஆறு சனலையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஏ-வெயிட்டிங் 50 ஹேர்ட்ஸில் ஏறக்குறைய 30 டெசிபலை வெட்டிவிடும். மீட்டரில் எண் ஏறவில்லை என்று சப்வூஃபரின் அளவைத் தூக்கிக்கொண்டே போனால், அந்த அறையில் மிக்ஸ் செய்பவர் எல்எஃப்இயைக் குறைத்துத்தான் வைப்பார். தியேட்டரில் வெடிச்சத்தம் சப்பென்று இருக்கும். தாழ்ந்த ஒலியை அவ்வளவு வெட்டாத சி-வெயிட்டிங், எண் மெதுவாக மாறும் ஸ்லோ, இதுதான் முறை. பெரிய அறைக்கு ஒவ்வொரு முன் ஸ்பீக்கரும் 85 டெசிபல், சின்ன அறைக்கு 79 அல்லது அதற்கும் கீழே. எல்எஃப்இ தன் அலைவரிசைக்குள் 10 டெசிபல் கூடுதலாக இருக்கவேண்டும். எல்லா அலைவரிசையையும் சேர்த்துக் காட்டும் சாதாரண மீட்டரில் அது ஏறக்குறைய 4 டெசிபல் கூடுதலாகவே தெரியும், 10 அல்ல. இதைச் செய்யும்போது வோல்யூம் குமிழ் எந்த இடத்தில் நின்றது என்று குறித்துவைக்காத கலிப்ரேஷனுக்குக் காசு கொடுப்பது வீண். அவர் குறிக்கவில்லை.

பெட்டியின் பின்தட்டில் 100 வோல்ட் என்றிருக்க, கொடுத்தது 110 வோல்ட்டுக்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர். உடனே எரியாது, ஆனால் ரெகுலேட்டர் சூடேறும்.

வோல்யூம் குமிழுக்குப் பொட்டென்ஷியோமீட்டர் (சுழற்றி மாற்றும் மின்தடை) உள்ள பழைய மொடல் என்றால் இன்னொன்றும் பாருங்கள்: 400 ஹேர்ட்ஸ் சைன் அலையை ஆறு உள்ளீட்டுக்கும் கொடுத்து, குமிழை நன்றாகக் கீழே இறக்கி, வெளியீடுகளை மல்டிமீட்டரில் அளவுங்கள். ஒன்றுக்கொன்று அரை டெசிபலுக்கு, அதாவது வோல்ட்டில் ஏறக்குறைய 6 சதவீதத்துக்கு, மேல் வித்தியாசம் இருந்தால் மெதுவாகக் கேட்கும்போது சரவுண்ட் ஒரு பக்கம் சாயும். ஒவ்வொரு சனலின் அளவையும் தனியாகத் திருத்தும் ட்ரிம்மால் இது சரிவராது.

பற்றுச்சீட்டில் பெட்டியையும் பூட்டுகூலியையும் கலிப்ரேஷனையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். சோதனை முடியும்வரை கலிப்ரேஷன் காசைக் கையில் வைத்திருங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போகவேண்டும். வெறும் மொத்தத் தொகை எழுதிய துண்டை நீட்டி, செய்யாத கலிப்ரேஷனுக்குக் காசு கொடுத்ததை நிறுவுவது கஷ்டம்.