சாப்ளினின் தன்வரலாறா, பிரௌன்லோவின் நேர்காணல் நூலா?

மௌனப்பட வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோர் பலர், 1964இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் தன்வரலாற்றுக்கும், 1968இல் வெளிவந்த, திரைப்பட வரலாற்றாளர் கெவின் பிரௌன்லோவின் ‘தி பரேட்ஸ் கான் பை’ நூலுக்கும் இடையே தயங்குகின்றனர்.

வாசிப்பு எளிமை: சாப்ளின் லண்டனில் வறுமையில் கழித்த சிறுவயதைச் சொல்லும் பக்கங்கள் நாவலைப் போல இழுத்துச் செல்கின்றன. பிரௌன்லோவின் நூல் பெரியது. அக்கால இயக்குநர்களின் பெயர்கள் ஓரளவேனும் பழகியிருந்தால்தான் அது நெருக்கமாகும்.

தொழில்நுட்பம்: வேறுபாடு இங்குதான் மிகப் பெரிது. சாப்ளின் தம் படங்கள் உருவான விதத்தை ஏமாற்றமளிக்கும் அளவுக்குக் குறைவாகவே விளக்குகிறார். பிரௌன்லோவோ, அப்போது உயிரோடிருந்த இயக்குநர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் படத்தொகுப்பாளர்களையும் தேடிச் சென்று பேசி, அவர்கள் பணியாற்றிய முறையை அவர்களது வாய்மொழியாகவே பதிவு செய்தார். அத்தலைமுறை மறைந்துவிட்டதால், அப்பதிவுக்கு மாற்றே கிடையாது.

நம்பகம்: இரண்டும் நினைவைச் சார்ந்தவை, எனினும் பல குரல்கள் இருக்கும்போது ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்க முடிகிறது.

பரப்பு: பிரௌன்லோ ஹாலிவுட்டுக்கே அதிக இடம் தருகிறார்.

ஒரு கலைஞரின் மனத்தை அறிய விழைவோருக்குச் சாப்ளினின் நூல் பொருந்தும். மௌனப்படம் எடுக்கப்பட்ட முறையை அறிய விழைவோர் பிரௌன்லோவையே முதலில் எடுக்க வேண்டும், குறிப்பாக, ‘நெப்போலியன்’ படத்தை இயக்கிய ஏபெல் கான்ஸ் பற்றிய அத்தியாயத்துக்காக.