கிராண்ட் கேன்யன் ஹெலிகாப்டருக்கு வேலூரில் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி பக்கத்தில் அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற வீடுகள் நிறைய. பிள்ளையைப் பார்க்கப் போகிற பெற்றோர் அப்படியே லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு என்று ஒரு சுற்று போய் வருகிறார்கள். ஹெலிகாப்டர் டிக்கெட்டை டாலரில் கட்டுவானேன், இங்கேயே ரூபாயில் முடித்துவிடலாம் என்று நினைத்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார்கள்.

புகார் நிலுவையில் இருப்பதால் டிராவல்ஸ் பெயரை எழுதவில்லை. ஹோட்டல், பஸ், ஹெலிகாப்டர் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகக் கொடுத்தார்கள். "சவுத் ரிம்ல ஏறுவீங்க ஐயா, ஹெலிகாப்டர் பள்ளத்துக்குள்ள இறங்கி கொலராடோ ஆத்தங்கரையில நிக்கும். காலை நனைச்சுட்டு வரலாம்" என்று அப்பாவிடம் சொன்னார் கடையில் இருந்தவர். செல்போனில் படமும் காட்டினார்: செம்பாறைகளுக்கு நடுவே ஹெலிகாப்டர் நிற்கிறது, பக்கத்தில் குடையோடு மேசை. அப்பா பள்ளிகொண்டாக்காரர். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, வீட்டில் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். ஆற்றங்கரையில் இறங்கலாம் என்றதும் சரி என்று சொல்லிவிட்டார். அந்த இறக்கத்துக்கென்று தலைக்கு 18,000 ரூபாய் தனியாக வாங்கினார்கள். 'முன் சீட் உறுதி' என்று அப்பாவுக்கு மட்டும் இன்னொரு 4,000.

இரண்டுமே நடக்க முடியாத வாக்குறுதிகள்.

சவுத் ரிம் என்பது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தென் விளிம்பு. 1986 ஜூனில் இந்தப் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு சுற்றுலா விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்த சட்டத்தின் வழியாகத்தான் பூங்காவுக்குள் சுற்றுலா விமானங்கள் விளிம்புக்குக் கீழே பறக்கக் கூடாது என்ற தடை வந்தது. அன்றிலிருந்து அங்கே எந்தச் சுற்றுலா ஹெலிகாப்டரும் பள்ளத்துக்குள் இறங்குவதில்லை. இறங்குகிறது வெஸ்ட் ரிம்மில். அது பூங்காவைச் சேர்ந்ததே இல்லை, ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக் இருப்பதும் அங்கேதான். வேகஸிலிருந்து வெஸ்ட் ரிம் இரண்டு, இரண்டரை மணி நேரம். சவுத் ரிம் 450 கிலோமீட்டர், நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. எங்களிடம் வெஸ்ட் ரிம்மின் படத்தைக் காட்டி சவுத் ரிம் டிக்கெட்டை விற்றிருக்கிறார்கள்.

இதெல்லாம் சவுத் ரிம்முக்குப் பக்கத்தில் துசாயன் என்ற சிற்றூரில் உள்ள விமானத் தளத்தில்தான் தெரிந்தது. இருட்டோடு பஸ் ஏறிப் போயிருந்தோம். செக்-இன் இடத்தில் தரையோடு தரையாக ஓர் எடைப் பலகை. ஒவ்வொருவரையும் ஏறி நிற்கச் சொன்னார்கள். எடை எவ்வளவு என்பது கவுண்டருக்கு உள்ளே இருக்கிற திரையில்தான் தெரிகிறது. அந்த எடையை வைத்துத்தான் யாருக்கு எந்த சீட் என்று பிரிக்கிறார்கள், ஹெலிகாப்டர் ஒரு பக்கம் சாயாமல் இருக்க. காசு கொடுத்து யாரும் முன் சீட் வாங்கிவிட முடியாது. அப்பாவுக்குப் பின்வரிசையில் நடு சீட் வந்தது. எரிபொருள் கட்டணம் என்று தலைக்கு இவ்வளவு டாலர் அங்கேயே கட்ட வேண்டியிருந்தது. நம்மூர்க்காரர் அதைச் சொல்லவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் எங்கள் வவுச்சரைப் படித்துப் பார்த்துவிட்டு, இங்கிருந்து போகிற எதுவும் கீழே இறங்காது என்று பொறுமையாக விளக்கினார். அப்பா என்னிடம், "ஆறு மேலே இருந்து தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டார்.

பறத்தலில் ஒரு குறையும் இல்லை. பைன் காட்டுக்கு மேலே தாழ்வாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று தரை அறுந்துவிடுகிறது. கீழே ஒன்றரை கிலோமீட்டர் ஆழம். 446 கிலோமீட்டர் நீளப் பள்ளத்தில் நாங்கள் பார்த்தது ஒரு துண்டுதான், அதற்கே அம்மா என் கையை விடவில்லை. விமானியும் ஊழியர்களும் நல்லபடியாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் ஆசை காட்டிப் பணம் பறித்தவர்கள் மீதுதான் கோபம்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனேன். "நாங்க ஏஜென்ட் மட்டும்தான் சார், அமெரிக்கா கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். வழக்கென்றால் டெல்லியில்தான் போட முடியும், ரசீதுக்குப் பின்னால் அச்சடித்திருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். அதற்கும் அவர்கள் அசையாததால் வேலூர் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று வருமான வரி பிடிப்பார்கள். நம் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். எங்களிடம் பிடித்தது ஏறவே இல்லை. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறேன்.

இங்கே பணம் கட்டுவதாக இருந்தால், ஏஜென்ட் அடித்துக் கொடுக்கிற வவுச்சரை நம்பாமல், ஹெலிகாப்டர் ஓட்டுகிற நிறுவனமே உங்கள் பெயருக்கு அனுப்பும் உறுதிக் கடிதத்தை முதலில் கேளுங்கள். எந்த ரிம், எத்தனை நிமிடம், தரையிறக்கம் உண்டா என்பது அதில் இருக்க வேண்டும். எங்களைப் போல ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் மனுவுக்கு இப்போது கைகொடுப்பது, அந்த ஆற்றங்கரைப் படத்தை அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததுதான்.