கொடைக்கானல் வீட்டில் விறகு அடுப்பு: ஆறு குளிர்காலம், இரண்டு சிம்னி

விறகு அடுப்பு வைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த அடுப்பு நல்லது என்றுதான். சிம்னி எந்த வழியாகப் போகிறது, எவ்வளவு உயரம் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாயுடுபுரம் பக்கம் எங்கள் வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பு ஆறு குளிர்காலமாக எரிகிறது. முதல் வருஷம் கூடம் முழுக்கப் புகை. அம்மாவுக்கு வீசிங் உண்டு, அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். இப்போது அதே அடுப்புக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருகிறார். நாங்கள் மாற்றியது சிம்னியை மட்டும்தான்.

முதலில் பொருத்திய வெல்டிங் பட்டறைக்காரர், "புகை மேலதானே சார் போகும்" என்று சொல்லி, அடுப்பின் பின்பக்கம் குழாயை எடுத்து, சுவரைத் துளைத்து, வெளிச்சுவர் ஓரமாக 4 மீட்டர் ஏற்றிவிட்டார். இரண்டு எல்போ (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு), தாழ்வாரத்துக்கு மேலே ஓர் அடி, அதோடு முடிந்தது. கூரையை வெட்ட வேண்டாம், மழைக்கு ஒழுகாது என்று நானும் சரி என்றேன்.

சிம்னிக்குள் இருக்கும் சூடான காற்று லேசானது, வெளிக்காற்று கனமானது. அந்த எடை வித்தியாசம்தான் புகையை மேலே இழுக்கிறது. உயரம் கூடினால் இழுப்பு கூடும், உள்ளே சூடும் வெளியே குளிரும் கூடினாலும் கூடும். இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் பனி கொட்டும் நாடுகளுக்கானவை. நம் மலைக்கு அவை பொருந்தாது என்று எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கடல் மட்டத்தை ஒட்டிய ஊரில் வெளியே மைனஸ் 10 டிகிரி, சிம்னிக்குள் சராசரி 150 டிகிரி என்று வைத்தால், 4 மீட்டர் குழாய் சுமார் 20 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தியே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. டிசம்பர் இரவில் 10 டிகிரி என்றால் அதே குழாய்க்கு 12, 13 பாஸ்கல்தான் வரும். இந்த மாதிரி அடுப்புகளுக்குப் பொதுவாக 12 பாஸ்கல் தேவை. மிச்சம் எதுவும் இல்லை. அதிலும் எல்போவின் உராய்வு கொஞ்சம் தின்றுவிடும், வெளியே நிற்கும் ஒற்றைத் தகட்டுக் குழாய் புகையைச் சீக்கிரம் ஆறவைத்துவிடும். ஐப்பசி மழையில் வெளியே 15 டிகிரி இருக்கும்போது கதவைத் திறந்தாலே முகத்தில் புகை அடிக்கும்.

ஜூலையில் வேறு கஷ்டம். மேற்கிலிருந்து வரும் காற்று கூரை முகட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில்தான் எங்கள் குழாயின் வாய் இருந்தது. புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்தது.

இரண்டாவது வருஷம் எல்லாவற்றையும் கழற்றினோம். அடுப்பின் தலையிலிருந்து நேராக, வளைவே இல்லாமல், கூடத்துக்குள்ளேயே ஏறி, முகட்டுக்குப் பக்கத்தில் கூரையைத் தாண்டும்படி 6 மீட்டர் வைத்தோம். குழாய் கூரையை விட்டு வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரம், பக்கவாட்டில் 3 மீட்டருக்குள் இருக்கும் எதையும்விட 60 சென்டிமீட்டர் உயரம். இது பல நாடுகளில் பின்பற்றும் விதி, காற்றுக்கு இங்கும் அதே விதிதான். கணக்குப்படி இப்போது 19 பாஸ்கல். உத்தரத்துக்குக் கீழே ஒற்றைக் குழாய், அது கூடத்துக்கும் சூடு தரும். அதற்கு மேலே ஆறு அங்குல எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாயைச் சுற்றி ராக்வூல் என்ற வெப்பம் தடுக்கும் கல் பஞ்சு வைத்த இரட்டைக் குழாய். மரச் சட்டத்தைத் தொடாமல் இடைவெளி விட்டே ஆக வேண்டும், இதில் சமரசமே கூடாது. முதல் வேலைக்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு செலவு.

இணைப்புகளையும் நின்று பாருங்கள். மேல் குழாயின் நுனி கீழ்க் குழாய்க்குள் நுழைய வேண்டும். எங்களுடைய முதல் குழாயில் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். உள்ளே படிந்த தார் இணைப்பு வழியே கசிந்து, வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடாக இறங்கியது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது.

புதுச் சிம்னியிலும் தவறுகள் செய்தேன். குருவி நுழையாமல் தொப்பியில் பொடிக் கண் வலை வைத்தேன். ஒரே குளிர்காலத்தில் கரி அடைத்து இழுப்பு பாதியாகிவிட்டது. இப்போது அரை அங்குலக் கண். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தொப்பி மூன்றாவது மழையில் துருப்பிடித்து ஓட்டையானது, எஸ்எஸ்ஸுக்கு மாறினேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது அடுப்பைப் பற்றவைத்தால் புகை கீழே வரும். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, முதலில் ஒரு செய்தித்தாளை எரித்துக் குழாயைச் சூடாக்கிய பிறகுதான் விறகு.

விறகு பெரும்பாலும் சீகை, அதாவது வாட்டில் மரம். இந்த மஞ்சுமூட்டத்தில் கொட்டகைக்குள் ஒரு வருஷம் காயாமல் 20 சதவீத ஈரத்துக்குக் கீழே வராது. ஈர விறகு போட்டால் எந்த உயரமும் காப்பாற்றாது. முதல் வருஷம் எல்போவில் மட்டும் ஒரு வாளி கெட்டிக் கரி எடுத்தேன். இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை பிரஷ் விட்டால் அரைக் குவளை உலர்ந்த பொடி விழுகிறது.

வாசனையே இல்லாத நச்சுப் புகைவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு அலாரம் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கி உயிர்விட்டவர்களின் செய்தியை இந்த ஊர் மறக்கக் கூடாது. நல்ல சிம்னி வந்த பிறகும் நான் அந்த அலாரத்தைக் கழற்றவில்லை.

ஜூலைக் காற்று வெறி பிடித்து அடிக்கும் நாட்களில் இன்றும் கதவைத் திறந்தால் எப்போதாவது ஒரு வீச்சு புகை வருகிறது. அந்த நாட்களில் கதவை ஒரு விரல் அளவு திறந்து, அரை நிமிஷம் பொறுத்து, அப்புறம்தான் கட்டை வைக்கிறேன்.