புருவம் அடர்த்தியாகத் தெரிய எது சரி: லேமினேஷனா, டின்ட்டா, மைக்ரோபிளேடிங்கா?

பார்லரில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். கழுவிக் காயவைத்த பழைய மஸ்காரா பிரஷ்ஷை எடுத்துப் புருவ முடியை நேராக மேல்நோக்கிச் சீவுங்கள். சீவியதும் புருவம் அகலமாகத் தெரிந்தால் உங்களுக்கு முடி இருக்கிறது, அது கீழ்நோக்கிப் படிந்து கிடக்கிறது, அவ்வளவுதான். சீவிய பிறகும் நடுவில் தோல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அங்கே முடியே இல்லை. முதல் வகையினருக்கு லேமினேஷன், அதாவது புருவ முடியை கிரீமால் இளக்கி மேல்நோக்கி நிற்கவைப்பது, அருமையாக எடுபடும். இரண்டாம் வகையினருக்கு அது பணத்துக்குப் பிடித்த கேடு.

காரணம், லேமினேஷன் புதிதாக ஒரு முடியைக்கூட முளைக்க வைக்காது. தலைமுடியை நேராக்கும் அதே வேதியியல்தான் இங்கேயும். முதல் கிரீமில் இருக்கும் தயோகிளைகாலிக் அமிலமோ சிஸ்டியமைனோ, முடியின் கெரட்டின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. இளகிய முடியை மேல்நோக்கிச் சீவிப் படியவைத்து, அதன்மேல் மெல்லிய கிளிங் ஃபிலிம் ஒட்டுவார்கள். ஸ்ட்ரெய்ட்டனிங் செய்யும்போது வருமே, அந்த நெடி அப்போது மூக்கில் ஏறும். சில நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டு இரண்டாவது கிரீம் போடுவார்கள். பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இது, பிணைப்புகளைப் புது நிலையிலேயே பூட்டிவிடும். கடைசியாகக் கொஞ்சம் எண்ணெய். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். பலன் 4 முதல் 8 வாரம் நிற்கும்.

எல்லாம் அந்த முதல் கிரீமின் நேரத்தில்தான் இருக்கிறது. நம்மில் பலருக்கு முடி தடிமன், சிலருக்கு மெல்லிய பூமுடி. இரண்டுக்கும் ஒரே நேரம் வைத்தால் பூமுடி வெந்துபோகும். முனைகள் சுருண்டு வைக்கோல் மாதிரி நிற்கும், பிறகு உடையும். வெந்த முடியைச் சரிசெய்ய வழியில்லை, அது உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் நடுவில் ஃபிலிமைத் தூக்கி முடி இளகிவிட்டதா என்று பார்க்கிறவரிடம் போங்கள். டைமரை வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுகிறவர் வேண்டாம். த்ரெடிங் முடித்த கையோடு லேமினேஷனுக்கு உட்காருவதும் கூடாது. நூல் போட்ட தோலில் அந்த கிரீம் பட்டால் எரிந்துவிடும். வடிவத்தைக் கடைசியில் ட்வீசரால் திருத்திக்கொள்ளலாம். முதல் 24 மணி நேரம் புருவத்தில் ஈரம் படக்கூடாது என்பார்கள். சென்னை வியர்வையில் அது சுலபமில்லை. மாலையில் செய்துகொண்டு, அன்று ஜிம், சமையலறைப் புகை எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள்.

டின்ட், அதாவது புருவ முடிக்குச் சாயம் ஏற்றுவது, வேறு குறைக்கான மருந்து. முடி இருக்கிறது, ஆனால் வெளிறியோ நரைத்தோ இருக்கிறது என்றால், லேமினேஷன் இல்லாமல் டின்ட் மட்டுமே போதும். கண்ணுக்கே தெரியாத பூமுடிகள் கறுத்ததும் புருவம் சட்டென்று நிறைந்துவிடும். முடியில் 3, 4 வாரம் நிற்கும், தோலில் சில நாள்தான். ஆனால் கறுப்பு டின்ட்டுகள் பலவற்றில் தலைமுடி டையில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் உண்டு. டை அடித்துத் தலை அரித்தவர்கள், முகம் வீங்கியவர்கள் இந்தப் பக்கமே போகாதீர்கள். 'ஹென்னா, இயற்கையானது' என்று சொல்வதை வைத்தும் ஏமாற வேண்டாம். சுத்தமான மருதாணி செம்மை படர்ந்த நிறம்தான் தரும், கறுகறுவென்று பிடித்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. லேமினேஷனோ டின்ட்டோ, 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்ப்பது கட்டாயம். 'அதெல்லாம் தேவையில்லை மேடம்' என்கிற பார்லரில் இருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

முடியே இல்லாத இடத்துக்குத்தான் மைக்ரோபிளேடிங். நுண்ணிய ஊசிகள் வரிசையாகப் பதித்த கருவியால் தோலைக் கீறி, முடி போன்ற கோடுகளாக நிறமியை இறக்குவது. இதுவும் ஒரு வகைப் பச்சை குத்தல்தான், ஒன்றிலிருந்து மூன்று வருடத்தில் மங்கும். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள முகத்தில் அந்தக் கோடுகள் சீக்கிரமே ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறத் திட்டாகிவிடும் என்பதால், நம் ஊர் வெயிலில் வாழும் எண்ணெய்த் தோல்காரர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெஷினால் நிறமியைப் புள்ளி புள்ளியாக வைக்கும் பவுடர் புருவம் அவர்களுக்குத் தேவலை. காயம் பட்டால் தழும்பு தடித்துக் கீலாய்டு ஆகும் உடம்பு என்றால் இரண்டும் வேண்டாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தவிர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் செய்துகொள்ளாதீர்கள். ஆறாத புண்ணில் வியர்வை இறங்கினால் எரிச்சலும் வரும், நிறமும் நிற்காது.

சரி, எதுவுமே செய்யாமல் வளர்க்க முடியாதா? த்ரெடிங்கை மூன்று நான்கு மாதம் நிறுத்திப் பாருங்கள். புருவ முடி தலைமுடியைவிட மெதுவாக வளரும் என்பதால் பொறுமை வேண்டும். வருடக்கணக்கில் பிடுங்கிய இடத்தில் முளைக்காமலும் போகலாம். விளக்கெண்ணெய் முடிக்குப் பளபளப்பு தரும், ஆனால் முளைக்க வைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. முடி வளரத் தடவும் மருந்தான மினாக்சிடிலைத் தோல் மருத்துவர் சொன்னால் மட்டும் தடவுங்கள். புருவத்தின் வெளிக்கோடி மட்டும் உதிர்ந்து, உடல் சோர்வும் எடை ஏற்றமும் சேர்ந்திருந்தால், பார்லரை விட்டுவிட்டு முதலில் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

லேமினேஷனா என்று யோசிப்பவர்கள், அதற்கு முன் ஒரு நிறமில்லாத புருவ ஜெல் வாங்கி ஒரு வாரம் தினமும் மேல்நோக்கிச் சீவிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதே தோற்றம் வரும், ராத்திரி கழுவினால் போய்விடும். நிமிர்ந்த புருவம் எல்லா முகத்துக்கும் பொருந்துவதில்லை. சிலருக்கு முகம் கடுகடுவென்று மாறிவிடுகிறது. அது பிடிக்கவில்லை என்றால் ஜெல் செலவோடு தப்பித்தீர்கள்.

கல்யாணப் பெண்கள் மட்டும் தேதியைக் கவனமாகப் பாருங்கள். லேமினேஷனை முகூர்த்தத்துக்கு நான்கைந்து நாள் முன்பே முடித்துவிட வேண்டும், அப்போதுதான் சிவப்பு ஏதும் வந்தாலும் அடங்கும். மைக்ரோபிளேடிங் என்றால் மேல் தோல் உரிந்து, 4 முதல் 8 வாரத்தில் டச்சப், அதாவது விட்டுப்போன இடங்களை நிரப்பும் இரண்டாவது முறை, முடிந்து, அதுவும் ஆற வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்ததுமே செய்துகொண்டால்தான் உண்டு.