வாளியோட எடை 312 கிராம்: பாளை ரீஃபில் கடை அனுபவம்

பாளையங்கோட்டை மகாராஜ நகர் உழவர் சந்தை பக்கத்து சந்துல காலேஜ் முடிச்ச மூணு பிள்ளைங்க சேந்து ரீஃபில் கடை போட்டிருக்காங்க, பாக்கெட்டே கெடையாது, பாத்திரம் நாமதான் கொண்டு போணும். வீட்டம்மா அனுப்புனதாலதான் போனேன், இல்லன்னா "இயற்கை"ன்னு போர்டு வச்ச கடைப் பக்கமே திரும்ப மாட்டேன், விலை ரெண்டு மடங்கு இருக்கும், லெக்சர் மட்டும் ஓசியில கெடைக்கும்லா.

மொத தடவை செக்கு நல்லெண்ணெய்க்கு தூக்குவாளி கொண்டு போனேன், அந்தப் பொண்ணு வெறும் வாளிய தராசுல வச்சு சைபர் ஆக்கிட்டுத்தான் எண்ணெய ஊத்துச்சு. அடுத்த வாரம் கூட்டத்துல பையன் மறந்துட்டான். வீட்டுக்கு வந்து பாத்தா எவர்சில்வருக்கும் சேத்து எண்ணெய் விலை குடுத்திருக்கேன்! சண்டை போடணும்னே திரும்பிப் போனேன், அவன் ஒரு சாக்கும் சொல்லல, காசத் திருப்பிக் குடுத்து வாளி அடியில மார்க்கரால 312ன்னு எழுதிட்டான். இப்ப எங்க வாளி பாளை ஜெயில் கைதி மாதிரி நம்பரோட நிக்குது.

"ஏன்டே, பேசாம பேங்க் எக்ஸாம் எழுதலாம்லா"ன்னு ஒரு நாள் அந்தப் பையன்கிட்ட கேட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்துல சாப்பாடு குடுக்கப் போனாங்களாம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட ஊத்துச்சே, நம்ம திருநெல்வேலி ஜங்ஷன், கொக்கிரகுளம் எல்லாம் தண்ணியில கெடந்துச்சே, அப்பதான். "எங்க வீட்டுல கரண்டு மட்டுந்தான் போச்சு அண்ணாச்சி, ஆத்தங்கரையில சைக்கிள் மட்டும் வச்சிருந்தவருக்கு வீடே போச்சு, பூமிய சூடாக்குனது யாரு, நனைஞ்சது யாரு"ங்கான். நான் கார்ல வந்திருந்தேன், ஒண்ணும் பேசல.

கல்லாவுக்கு மேல அரிசி விலைக்குப் பக்கத்துல ஒரு பேப்பர் கட்டிங் ஒட்டியிருக்கு. பசிபிக் தீவுல சட்டம் படிச்ச 27 பிள்ளைங்க 2019ல ஆரம்பிச்ச கோரிக்கைய வனுவாட்டு அரசாங்கம் ஐநா வரைக்கும் கொண்டு போய், கடைசில 2025 ஜூலைல ஹேக்ல இருக்க சர்வதேச நீதிமன்றம், பருவநிலையக் காப்பாத்த வேண்டியது நாடுகளோட சட்டக் கடமைன்னு கருத்து சொல்லிருச்சுல்லா, அந்த செய்தி. கேட்டாத்தான் சொல்லுதாங்க, இல்லன்னா பருப்ப அளந்து குடுத்துட்டு அடுத்த ஆளப் பாக்காங்க. எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

ஓலைப்பெட்டி 120 ரூபா, அதுல முடையுற அம்மாவுக்கு 80ன்னு சீட்டுலயே இருக்கு. நூறுக்குத் தாயேன்னு பழக்கதோஷத்துல கேட்டுட்டேன், "யாரு பங்குல கொறைக்க அண்ணாச்சி"ன்னு சிரிக்குது அந்தப் பொண்ணு. போன மாசம் வந்த கருப்பட்டியில சீனி கலந்த மாதிரி சந்தேகம்னு மூட்டையோட திருப்பி அனுப்பிட்டாங்க, நான் கேட்டுப் போன அன்னைக்கு கருப்பட்டியே இல்ல.

பாத்திரம் தேய்க்க லிக்விட் மட்டும் வாங்காதீங்க, மீன் சட்டிக்கிட்ட அது பேச்சு எடுபடாது. கடல எண்ணெய் அண்ணாச்சி கடைய விட விலை ஜாஸ்தி, துவரம்பருப்பு சமம்தான். பாத்திரம் மறந்து போனா கழுவிக் காயவச்ச ஹார்லிக்ஸ் பாட்டில் சும்மாவே தருவாங்க, அடுத்த தடவை திருப்பிக் குடுத்தாப் போதும், என்கிட்ட இன்னும் ரெண்டு நிக்குது.

நாலு ஸ்டார். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் போயிராதீங்க, தராசு ஒண்ணுதான் இருக்கு.