ரயிலில் கேட்பதா, வீட்டில் பார்ப்பதா: ஒரே வகுப்பு, மூன்று வடிவம்

அரக்கோணத்திலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போய்வந்துகொண்டே அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை படித்த காலத்தில், தினமும் மூன்று மணி நேரம் எனக்கு அந்த ரயிலில்தான் போனது. திருவள்ளூர் தாண்டிவிட்டால் ஒரு கை மேலே கைப்பிடியில், இன்னொரு கை பையின் மேல் என்று நின்றாக வேண்டும். புத்தகம் பிரிக்க முடியாது, போனைப் பார்க்கவும் முடியாது. காது மட்டும் சும்மா இருக்கும்.

அதனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் வகுப்புகளை எந்த வடிவில் தருகின்றன என்பது எனக்குப் பெரிய விஷயம். ஒலியா, காணொளியா, எழுத்தா? மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்.

ஒரே வகுப்பை மூன்று வடிவிலும் வைத்துப் பார்க்க அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் நல்ல இடம். 2007 டிசம்பரில் ‘ஓப்பன் யேல் கோர்ஸஸ்’ என்று ஏழு பாடங்களோடு தொடங்கினார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் வீடியோ, எம்பி3, பேச்சு முழுவதும் எழுத்தில் என்று மூன்றும் உண்டு. கட்டணம் கிடையாது.

அந்த ஏழில் ஒன்று பால் புளூம் நடத்திய உளவியல் அறிமுகம். அதை முழுக்க ரயிலிலேயே கேட்டு முடித்தேன். ஒரு கருத்தைச் சொல்வார், ஓர் உதாரணம் தருவார், மாணவர் ஒருவர் கேள்வி கேட்பார், அங்கிருந்து அடுத்த கருத்துக்குப் போவார். கண் தேவைப்படும் இடங்கள் குறைவு. ஆவடியில் கூட்டம் ஏறும்போது கவனம் சிதறினால், முப்பது வினாடி பின்னால் போய்க் கேட்டால் போதும்.

அதே ஏழில் இன்னொன்று ஆர். சங்கரின் இயற்பியல். ஐஐடி மெட்ராஸில் படித்துவிட்டு யேலில் பேராசிரியரானவர். எனக்கு இளங்கலையில் இயற்பியல்தான், அதனால் ஆசையோடு எம்பி3-ஐ இறக்கினேன். முதல் சில நிமிடங்கள் நன்றாகவே போயின. அப்புறம் கரும்பலகைக்குப் போய்விட்டார். சாக்பீஸ் உரசும் சத்தம், ‘இது’, ‘அது’, கொஞ்சம் மௌனம், மறுபடி சாக்பீஸ். எந்த ‘இது’ என்று தெரியாமல் பெரம்பூர் வரை நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு அதே வகுப்பை வீடியோவில் பார்த்தால், தெள்ளத் தெளிவாகப் புரிகிறது. ஆசிரியர் மேல் குறையே இல்லை, பலகையில் எழுதி நடத்தும் பாடத்தைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது, அவ்வளவுதான். கணக்கு, சர்க்யூட், வேதியியல் அமைப்பு வரைதல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இந்த வகைப் பாடங்களில் நம்மிடம் இருக்கும் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தொகுப்பு மிகப் பெரிய சொத்து. ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) சேர்ந்து 2003-ல் தொடங்கியது. யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிறிய ஊர்க் கல்லூரியில் படிக்கும் பொறியியல் மாணவருக்கு ஐஐடி ஆசிரியரின் வகுப்பு அப்படியே கிடைக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது. 2014-லிருந்து தேர்வு எழுதிச் சான்றிதழும் வாங்கலாம்.

வீடியோவின் சிக்கல் அளவு. 64 கேபிபிஎஸ் (வினாடிக்கு 64 கிலோபிட்) தரத்தில் பதிவு செய்த பேச்சு ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான் வரும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். அதே ஒரு மணி நேரம் வீடியோ என்றால், பலகையில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவு வேண்டுமானால், சில நூறு எம்பி ஆகிவிடும். டேட்டா மலிவாகிவிட்டது, உண்மைதான். ஆனால் வீட்டில் ஒரே போனை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும்போது இடமும் டேட்டாவும் இன்னும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயங்கள்தான்.

எழுத்து வடிவத்தைப் பலர் மூன்றாம் இடத்தில் வைப்பார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் வந்தால் அதுதான் முதலிடம். ஒரு கலைச்சொல்லை எந்த வகுப்பில் விளக்கினார் என்று எம்பி3-க்குள் தேட முடியாது. எழுத்தில் இருந்தால் பத்து வினாடி வேலை. ஆங்கில உச்சரிப்பு பிடிபடாதவர்களுக்கு அது பெரிய ஊன்றுகோல். என்பிடெல் சில பாடங்களின் உரையைத் தமிழிலும் தருகிறது.

காது கேளாதவர்களுக்கோ எழுத்துதான் கதவே. இதைக் கவனிக்காமல் விட்டதன் விலையை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பார்த்தோம். பல வருடங்களாக வகுப்புகளின் ஆடியோவையும் வீடியோவையும் உலகத்துக்கே திறந்து வைத்திருந்த இடம் அது. பலவற்றில் வசனவரி (சப்டைட்டில்) இல்லை. காது கேளாதோருக்கான கலோடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் புகார் கொடுத்தார்கள். அந்தப் பாடங்கள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இல்லை என்று 2016-ல் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் சொன்னது. 2017-ல் பெர்க்லி, 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. புகார் கொடுத்தவர்கள் கேட்டது நியாயமானது என்பதே என் கருத்து. அவர்கள் கேட்டது வசனவரி, கிடைத்ததோ பூட்டு. முதல் நாளிலேயே எழுத்தையும் சேர்த்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

இப்படி வகுப்பைப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் மாணவர்கள் வகுப்புக்கே வரமாட்டார்கள் என்று ஆசிரிய நண்பர்கள் சொல்வதுண்டு. நேரில் வராமல் கேட்டால் என்ன ஆகும் என்று நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியா பல்கலைக்கழகத்தில் சின்ன அளவில் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு வகுப்பு. ஒரு குழு நேரில் உட்கார்ந்தது, இன்னொரு குழு பாட்காஸ்டாகக் கேட்டது. இரண்டு குழுவுக்கும் ஸ்லைடுகளின் நகல் உண்டு. தேர்வில் நேரில் இருந்தவர்களின் சராசரி 62, பாட்காஸ்ட் குழுவுக்கு 71. கேட்டுக்கொண்டே குறிப்பும் எடுத்தவர்கள்தான் அந்தப் பலனைப் பெற்றவர்கள். ரயிலில் நின்றபடி குறிப்பெடுக்க முடியாத எனக்கு அது உறைத்தது. அதற்கப்புறம் இறங்கியதும் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து ஐந்து வரி எழுதிவிட்டுத்தான் வெளியே போவேன்.

எந்தக் கருவியில், எந்தத் தளத்தில் வைத்துத் தருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகம் 2004-ல் முதலாண்டு மாணவர்கள் 1,600-க்கும் மேற்பட்டோருக்கு ஆளுக்கொரு ஐபாட் (பாட்டுக் கேட்கும் சிறு கருவி) கொடுத்தது. மொழி, இசை வகுப்புகளில் அது நன்றாக உதவியது. அடுத்த வருடம், ஐபாட் தேவைப்படும் வகுப்புகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். 2007-ல் வந்த, பாடங்களைப் பகிர்வதற்கான ஆப்பிளின் ஐடியூன்ஸ் யூ தளத்தில் ஸ்டான்ஃபோர்டு, ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பாடங்களைக் குவித்தன. 2021 கடைசியில் ஆப்பிள் அதை மூடிவிட்டது. யேலின் எம்பி3 அவர்கள் சொந்தத் தளத்தில் இருப்பதால் தனி ஆப் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

நான் கட்டணம் கட்டிப் படித்த இடத்திலும் ஆடியோ கொடுத்தார்கள். ‘ரெக்கார்டிங் 14’, ‘ரெக்கார்டிங் 14 புதியது’ என்றுதான் ஃபைல்களுக்குப் பெயர். மைக் எங்கோ கடைசி பெஞ்சில் இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் குரலைவிட மின்விசிறி பலமாகக் கேட்டது. தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் மூன்றாம் யூனிட் எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சட்டையில் குத்தும் மைக் சில நூறு ரூபாய்தான். ஃபைல் பெயரில் யூனிட் எண்ணையும் தலைப்பையும் போடக் காசே வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? வரலாறு, உளவியல், தத்துவம், இலக்கியம் என்றால் தயங்காமல் ஆடியோ. பலகை இல்லாமல் நடக்காத பாடம் என்றால் வீடியோ, அதுவும் பேனாவும் நோட்டும் கையில் இருக்கும்போது. இரண்டில் எதை எடுத்தாலும் எழுத்து வடிவம் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றுதான் கொடுக்க முடியும் என்று ஒரு கல்லூரி சொன்னால், தெளிவான ஆடியோவும் அன்றைய பலகையின் நான்கு போட்டோவும் கொடுங்கள் என்பேன். அந்த நான்கு படம் மட்டும் இருந்திருந்தால், அன்று பெரம்பூர் வருவதற்குள் எந்த ‘இது’ என்று எனக்குத் தெரிந்திருக்கும்.